குடித்த நாளின் மாத்திரைகள்

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டெல்லியிலேயே பிறந்து, ஹிந்தியும் ஆங்கிலமுமாகப் படித்து, இப்போது நொய்டாவில் வேலைக்குப் போகிறாள். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த நோட்டு மேசைமேல் கிடந்தாலும் அவள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அப்பா ஏதோ கோயில் பாட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தெரிந்து எட்டு வருடம் ஆகிறது. அது என் மனைவிக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பயம். மகளுக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி நடந்துகொண்டேன் என்று எழுதப்போகிறேன். நேரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

வாய் வராதது சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான். பத்தாவது முடித்துவிட்டு டெல்லிக்கு வந்து, ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பிறகு நிரந்தரமாக்கினார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு எடுத்துப் போவது, தபால் கொடுப்பது, டீ வாங்கி வருவது. இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வந்த புதிதில் ஹிந்தி தெரியாது. பிறகு தெரிந்தும் பேச வரவில்லை. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார்.

குடித்தால் மட்டும் ஹிந்தி வந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு. ஒரு கிளாஸ் உள்ளே போனதும் நாக்கில் இருந்த பூட்டு கழன்றுவிடும். அலுவலகத்தில் எல்லாரையும் சிரிக்கவைப்பேன். "மதராசி இன்றைக்கு நன்றாக ஓடுகிறான்" என்பார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கம். அவரை எல்லாரும் மிலிட்டரி என்றே கூப்பிடுவோம். அவருக்கு ராணுவ கேன்டீனில் மாதாமாதம் பாட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுப் பின்பக்கம், கூலர் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், நாலைந்து தமிழ்க்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவோம். என்னைப் பார்த்து அவர், "இவனுக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்கய்யா, அப்பத்தான் டெல்லிக்காரனாவான்" என்பார்.

ஒரு ஹோலிப் பண்டிகை. அலுவலகத்து ஆட்களோடு காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். முகம் முழுக்கப் பச்சையும் ஊதாவும். மத்தியானம் ஒரு ஆட்டோவில் நான்கு பேர் ஏறியது ஞாபகம் இருக்கிறது. பழைய டெல்லிப் பக்கம் ஒரு மாடிப்படி ஏறியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சுவர்க் கடிகாரம், ஓடாதது. அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் இல்லை. ஆணுறை இருந்ததா, அவள் கொடுத்து நான் வேண்டாம் என்றேனா, அதுவும் ஞாபகம் இல்லை. அந்த மாதிரி மூன்று தடவை போயிருக்கிறேன். எதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். மூன்று தடவையும் குடித்திருந்தேன். குடிக்காத நான், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் நேரம் என்ன என்று கேட்கக்கூடக் கூசுகிறவன். யாரோ கூட்டிப் போனார்கள் என்று நான் இதைச் சொல்லக் கூடாது. நான்தான் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல முடியாது. அவளுக்கு என் மூலமாக என்ன போனதோ, யார் கண்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி என்னைக் குளியலறை வாசலில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கடலைமாவு போட்டு முகத்தில் இருந்த கலரைத் தேய்த்து எடுத்தாள். காதுக்குள் எல்லாம் துணியை முறுக்கி விட்டுத் துடைத்தாள். "சின்னப் புள்ளைங்க கெட்டுது போங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நினைக்காமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

சில வருடம் கழித்து விடாத இருமல் வந்தது. காசநோய் என்றார்கள். அதற்கு ரத்தம் எடுத்தபோது இதுவும் தெரிந்தது. மனைவியையும் அழைத்துவரச் சொன்னார்கள். அவளுக்கு இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் சாப்பாடு போட்டுவிட்டு, "எனக்கு வரக் கூடாது. அவளுக்குன்னு ஒருத்தியாவது நல்லா இருக்கணும். அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள். மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் கவுன்சலர் ஒரு பெண். ஹிந்திக்காரர். முதல் நாள் என்னிடம் அரைமணி நேரம் பேசினார். ஒரு மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில், ஒருநாளும் விடக் கூடாது. விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறையும்; மனைவிக்கும் போகாது. அதோடு உறையும் பயன்படுத்த வேண்டும். கடைசியில், "தாரூ பில்குல் பந்த்" என்றார். சாராயம் அறவே கூடாது. நான் "ஜி" என்றேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஜி" என்றேன். கேள்வி ஏதாவது உண்டா என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் பயத்தில் குடிக்கவே இல்லை. மிலிட்டரி வீட்டுப் பக்கம் போகவில்லை. ஈரலில் ஏதோ கோளாறு என்று சொல்லி வைத்தேன். பிறகு அவர் மகன் கல்யாணம் வந்தது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குப் பேச்சு வரவில்லை, ஒரே ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து மாத்திரை பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மாத்திரையும் சாராயமும் வயிற்றுக்குள் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும்?

எங்கள் ஊரில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தால் எண்ணெய், புளி ஆகாது. சேராததைச் சாப்பிட்டுவிட்டு மருந்தையும் சாப்பிட்டால் மருந்தே விஷமாகிவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். பத்தியம் முறிந்த அன்றைக்கு மருந்தை நிறுத்திவிட்டு, உடம்பு சுத்தமான பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள். சாராயம் அறவே கூடாது என்று கவுன்சலர் சொன்னதை நான் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன். அன்று மாத்திரையைப் போடவில்லை. மறுநாளும் ரத்தத்தில் கொஞ்சம் இருக்குமே என்று மறுநாளும் போடவில்லை. மருந்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் குடித்தால் இரண்டு நாள் மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று இருந்தது, புதன்கிழமையும் சேர்ந்தது, பிறகு வெள்ளியும் சேர்ந்தது. வாரத்தில் ஒரு மாத்திரையோ இரண்டோதான் உள்ளே போயிற்று. கவுன்சலரிடம் கேட்டிருக்கலாம். மேடம், குடித்த அன்றைக்கு மாத்திரை போடலாமா கூடாதா? இவ்வளவுதான் கேள்வி. அதை ஹிந்தியில் மனதுக்குள் எத்தனையோ தடவை தயார் செய்திருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டால் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். குடித்துவிட்டுப் போனால் கேட்டிருப்பேன். குடித்துவிட்டு அங்கே போக முடியாது.

அது உண்மையிலேயே என் நம்பிக்கையா, இல்லை சாக்கா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேரக் கூடாது என்று அவ்வளவு உறுதியாக நம்பியவன், சாராயத்தை அல்லவா விட்டிருக்க வேண்டும்? ஒருநாள்கூட அப்படிச் செய்யவில்லை. விட்டது எப்போதும் மாத்திரையைத்தான்.

மருந்து வாங்கப் போகும்போது பழைய பாட்டிலையும் எடுத்துப் போக வேண்டும். மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். நான் போவதற்கு முந்தின நாள், போடாமல் விட்டதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, நம்பும்படியாக இரண்டு மூன்றை மட்டும் விட்டுவைப்பேன். எடுத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. இலவசமாகக் கொடுக்கிற மருந்து, உயிர் காக்கிற மருந்து. போட்டால் பாவம் என்று தோன்றியது. அதனால் ஒரு பழைய நெய் டப்பாவில் சேர்த்துவைத்தேன். அந்த டப்பாவை வைத்த இடத்தைச் சொன்னால்தான் நான் எப்படிப்பட்டவன் என்று தெரியும். சபரிமலைக்கு மாலை போடும்போது உடுத்துகிற கறுப்பு வேட்டிகளும் இருமுடித் துணியும் இருக்கும் பை ஒன்று பரண்மேல் இருக்கும். அதை மனைவி தொடமாட்டாள். சாமி பை என்று தூரத்திலிருந்து தூசி தட்டுவதோடு சரி. அதற்குள் வைத்தேன்.

நோய் தெரிந்த வருடத்திலிருந்து நான் வருடம் தவறாமல் மாலை போட்டேன். கார்த்திகை முதல் நாள் போட்டால் நாற்பத்தெட்டு நாள் குடி கிடையாது, கறி கிடையாது, தரையில் படுக்கை. அந்த நாட்களில் எல்லாம் மாத்திரையை நேரம் தவறாமல் போட்டேன். மிலிட்டரி என்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டு, "சாமி சரணம். சாமியோட பங்கு தனியா எடுத்து வச்சிருக்கேன், கழட்டுனதும் வாங்க" என்பார். மாலை போடுவதற்கு முன்பு, பழைய பூஜைப் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, யமுனைப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பிவலை கிழிந்திருக்கும் இடமாகப் பார்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வருவேன். டெல்லியில் எல்லாரும் செய்கிற காரியம். அந்தப் பைக்குள்தான் டப்பாவில் ஒரு வருடமாகச் சேர்ந்ததும் போகும். ஆற்றில் விட்டதாக மனதுக்குச் சமாதானம்.

ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை வருடத்துக்கு ஒரு தடவை. எனக்கு அது ஜனவரி முதல் வாரத்தில் விழுந்தது. அதாவது, நாற்பது நாளுக்கு மேல் ஒழுங்காக மாத்திரை போட்டு முடித்த சமயத்தில். ஜனவரிக் குளிரில் கறுப்பு வேட்டியும் மேலே ஸ்வெட்டருமாக, செருப்பில்லாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு வருடமும் கிருமி இல்லை, அதாவது எண்ண முடியாத அளவுக்குக் குறைவு என்று வரும். கவுன்சலர் மற்ற நோயாளிகளிடம் என்னைக் காட்டி, இந்த சுவாமிஜியைப் பாருங்கள், எவ்வளவு கட்டுப்பாடு என்று சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கீழே என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பனியில் வெடித்த குதிகால். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் காகிதத்தைத்தான் மனைவியிடம் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிலிட்டரி வீட்டிலிருந்து வந்தபிறகு, இனிமேல் உறையெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

"அந்த மேடம் ரெண்டுந்தானே வேணும்னாங்க?"

"அது சும்மா பயமுறுத்துறதுக்குச் சொல்றது. பேப்பர்ல இல்லன்னு போட்டிருக்கு, பாத்தல்ல?"

அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்தக் காகிதத்தை மடித்து நகை வைக்கிற டப்பாவில் வைத்திருந்தாள். அதை நம்பினாள். குடிக்காத நேரத்தில் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொன்னால் அது என்னைத் தப்பிக்கவைக்கிற பேச்சு. ஆனால் நடந்தது அதுதான். அந்தக் காகிதம் நாற்பது சொச்ச நாளுக்கு மட்டும் உண்மை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதையும் நானே, எனக்குத்தான் இல்லையே, உனக்கு எங்கிருந்து வரும், மாவு வேலையை விட்டுவிட்டு எதற்கு ஒருநாள் அலைகிறாய் என்று நிறுத்திவிட்டேன்.

மாவு வேலை என்பது இட்லி மாவு. எங்கள் செக்டரிலும் பக்கத்து செக்டரிலும் முப்பது வீட்டுக்கு அரைத்துக் கொடுக்கிறாள். மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வருகிற பஞ்சாபிப் பெண்கள்கூட வாங்கிப் போவார்கள். அவர்களோடு பேசிப் பேசி அவளுக்கு நல்ல ஹிந்தி. குடிக்காமலே.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் என் அம்மா காலமானார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்துவிட்டு வந்தேன். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் மாலை போடக் கூடாது. கார்த்திகை வந்தது, போயிற்று. மிலிட்டரி வீட்டு நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. அம்மா போன வருத்தம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பூஜைப் பொருள் கொண்டு யமுனைக்குப் போகவில்லை. பை பரண்மேலேயே இருந்தது. டப்பாவும் காலியாகவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் வழக்கம்போல ரத்தம் கொடுத்தேன், அந்த வருடம் செருப்புப் போட்டுக்கொண்டு.

போகியன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். இங்கே அன்றைக்கு லீவு கிடையாது. மனைவி வீட்டைச் சுத்தம் செய்தாள். ஒரு வருடமாக எடுக்காத பை, வேட்டியெல்லாம் மக்கிப்போய்விடும், வெயிலில் போட்டு வைப்போம் என்று நினைத்திருக்கிறாள். சாமி பை என்பதால் அந்தக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எடுத்தாளாம். இதை அவள் பிறகு ஒரு நாள் வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். குளித்துவிட்டு எடுத்தாள் என்பதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

நான் சாயங்காலம் வந்தபோது மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சமையலறைத் தரையில் மனைவி செய்தித்தாள் விரித்து, மாத்திரைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் நெய் டப்பா.

"இருநூத்தி எழுபத்தொண்ணு" என்றாள்.

நான் ஷூவைக் கழற்றாமலே நின்றேன்.

"எதுக்கு இதெல்லாம் போடாம வச்சிருக்கீங்க?"

குடித்த நாளில் போடக் கூடாது, அதனால்தான் என்றேன். பத்தியம் என்றேன். இரண்டும் சேர்ந்தால் ஈரல் போய்விடும் என்றேன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அந்த மேடத்துக்கிட்ட கேட்டீங்களா?"

நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். அவள் எல்லாவற்றையும் டப்பாவுக்குள் அள்ளிப் போட்டாள். திட்டவில்லை. அரிசி ஊறியிருந்தது, கிரைண்டரைப் போட்டாள். அது ஓடும் சத்தத்தில் அழுதாளோ என்னவோ, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கிருமி மிகவும் ஏறியிருக்கிறது, உடனே மனைவியோடு வாருங்கள் என்றார்கள். இருவரும் போனோம். கவுன்சலர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, மாத்திரை தவறுகிறதா என்று என்னிடம் கேட்டார். நான் "நஹி ஜி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் வேறு ஒன்றும் இல்லாதவன் அதையாவது பிடித்துக்கொள்வோம் என்பது போல. அதற்குள் மனைவி மாவு டப்பா வைத்துப் போகும் வயர்கூடையிலிருந்து நெய் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு ஹிந்தியில், காய்கறிக் கடையில் விலை கேட்பது போன்ற சாதாரணக் குரலில் கேட்டாள்:

"மேடம், இவர் குடிச்ச அன்னிக்கு இந்த மாத்திரையைப் போடலாமா, கூடாதா?"

கவுன்சலர் டப்பாவையும் என்னையும் பார்த்தார். குடிக்காமல் இருப்பதுதான் நல்லது, ஆனால் குடித்திருந்தாலும் மாத்திரையை விடவே கூடாது என்றார். குடியைவிட மாத்திரையை விடுவதுதான் பெரிய ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். நிறையப் பேர் இப்படி நினைத்து விட்டுவிடுகிறார்கள், கேட்டால் சொல்லியிருப்பேனே என்றார். கேள்வியும் பதிலும் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் ஆறு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தேன்.

மனைவியின் ரத்தத்தை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, எதிர்ச் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தாள். மத்தியானம் எந்தெந்த வீட்டுக்கு மாவு கொடுக்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு இருக்கக் கூடாது என்று நான் சாமியைக் கூப்பிடப் பார்த்தேன். பரண்மேல் இருந்த பைதான் ஞாபகம் வந்தது. கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் போல ஆயிற்று. உள்ளே கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை சோதிக்க வேண்டும் என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவே வயர்கூடையை வைத்துக்கொண்டாள்.

வந்துவிட்டது.

கவுன்சலர் நிதானமாகத்தான் சொன்னார். மருந்து இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல வாழலாம் என்றார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கேள்வி உண்டா என்றபோது, நான் தலையாட்டும் இடத்தில், அவள் கேட்டாள்:

"நான் மாவு அரைச்சு வீடுகளுக்குக் குடுக்கறேன். இனிமே குடுக்கலாமா?"

தாராளமாகக் கொடுக்கலாம், சமைப்பதால், தொடுவதால், கையில் வெட்டுப்பட்டால்கூட மாவின் வழியாக எல்லாம் பரவாது என்று அவர் சொன்னார். "அச்சா" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தனக்கு வந்தது என்று சொன்னபோது வராத தண்ணீர், மாவு கொடுக்கலாம் என்றபோது வந்தது. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "அவளுக்குத் தெரியக் கூடாது." மகளைச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்பு எனக்காக இதே வார்த்தையைச் சொன்னவள், இப்போது தனக்காகவும் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து சமையலறை அலமாரியில், புளி ஜாடிக்குப் பின்னால், இரண்டு பாட்டில் இருக்கிறது. சாயங்காலச் செய்தி முடிந்ததும் அவள் ஒன்றை என் உள்ளங்கையில் வைப்பாள். விழுங்கும்வரை நிற்பாள். பிறகு தன்னுடையதைப் போட்டுக்கொள்வாள். மகள் கேட்டபோது சர்க்கரை மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள். ஒரே அறையில் படுப்பதில்லை. அவள் மகளோடு படுத்துக்கொள்கிறாள்.

குடியை விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஏழு மாதம் விட்டேன். அதற்கென்று இருக்கும் டாக்டரிடமும் போனேன். மிலிட்டரி மாடிப்படியில் நிறுத்தி, "என்ன சாமி, வருஷம் பூரா மாலையா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போனேன். பிறகு அலுவலகத்தில் என்னோடு ஒன்றாகச் சேர்ந்தவர் ஓய்வு பெற்றார். மத்தியானம் விருந்து. அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்றார்கள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒருவர் கிளாஸை நீட்டினார். குடித்தேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு வாசனை தெரிந்திருக்கும். மகள் முன்னறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்தது. சமையலறைக்குள் மனைவி மாத்திரை பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் போய் நின்றேன். பழக்கத்தில், வெட்கத்தைவிட வேகமாக வாய் முந்திக்கொண்டது.

"இன்னிக்கு வேணாம்."

அவள் என் கையைப் பிடித்து விரலைப் பிரித்து மாத்திரையை வைத்தாள். மகளுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்:

"குடிச்சிருந்தாலும் முழுங்குங்க."

விழுங்கினேன். அவளும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் மாவுக்கு உளுந்து அளந்தாள். நான் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மாத்திரையும் சாராயமும் முதல் தடவையாக என் வயிற்றில் ஒன்றாக இருந்தன. இத்தனை வருடம் பயந்தது வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் உளுந்தைக் களைந்து தண்ணீரை வடித்தாள். முன்னறையில் மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நேரம் போயிற்று.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.